கண்ணுசாமியின் வலது கை

ஆஸ்பத்திரி வாசலில் புதிதாகக் கட்டியிருந்த பிளெக்ஸில் தன் முகத்தைத் தேடிக்கொண்டு, காலை வெயிலில் டிபன் பையோடு நின்றாள் ஜெயமேரி. நடுவில் பெரிய டாக்டர், தலைமுடி உண்மையில் இருப்பதைவிட அடர்த்தியாக. அவருக்குப் பின்னால் சிறுமலை. திண்டுக்கல்லில் எந்த மொட்டைமாடியில் நின்றாலும் தெரிகிற மலைதான். பிளெக்ஸ் அடித்தவனுக்கு அது போதவில்லை போலிருக்கிறது, உச்சியில் கொஞ்சம் பனியும் கொட்டிவிட்டிருந்தான். பெரிய டாக்டரின் வலது பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி பிசியோதெரபிஸ்ட் பாண்டியராஜ். கீழே தபால்தலை அளவில் மற்ற முகங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் இருந்தார். கேண்டீன் குத்தகைக்காரர் இருந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. ஜெயமேரி இடமிருந்து வலம் பார்த்தாள். அப்புறம் வலமிருந்து இடம் பார்த்தாள். கடைசி வரியில் 'மற்றும் பலர்' என்று போட்டிருந்தது.

அந்தப் பலரில் ஒருத்தியாக உள்ளே போனாள்.

ஜெயமேரி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அது என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்: "நடக்க வைக்கிறது பிசியோ. நடந்து போயி மனுசன் என்ன செய்யணுமோ, அதைச் செய்ய வைக்கிறது நாங்க." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, "அப்ப நீங்களும் பிசியோதானா?" என்பார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போட, சீப்புப் பிடிக்க, சோறு அள்ள, பல் விளக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. அறையில் பாசிமணியும் துணி மாட்டும் கிளிப்பும் களிமண்ணும் கிடப்பதைப் பார்த்து, சனங்கள் அவளுக்கு 'டீச்சர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பாண்டியராஜ் 'பாண்டியராஜ் டாக்டர்'. அவள் டீச்சர். இரண்டு பேரும் கல்லூரியில் படித்த வருசக் கணக்கை ஒப்பிட்டால் அவளுக்குத்தான் கூடுதல். ஆனால் யாரும் ஒப்பிடக் கேட்கவில்லையே.

அறை என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் கேன்கள் அடுக்குகிற இடத்தை ஒட்டி ஒரு சாய்ந்த கூரை. உயரமான நோயாளி எழுந்து நின்றால் தலையில் இடிக்கும். பாண்டியராஜுக்கு முதல் மாடியில் ஹால் கட்டி முடிந்துவிட்டது. சுவர் முழுக்கக் கண்ணாடி, ஏசி, நடக்கிற மிஷின். அதற்குத்தான் 'மறுவாழ்வு மையம்' என்ற பெயரில் திறப்பு விழா. அந்தக் கண்ணாடிச் சுவரை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றில் ஏதோ புளித்தது. முழங்கையை ஊன்றி, தன் அசைவைப் பார்த்துக்கொண்டே கை தூக்கப் பழகுகிறவனுக்குத்தான் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடி முன்னால் பாண்டியராஜ் தன் கிராப்பைச் சீவிக்கொண்டிருந்ததை அவளே பார்த்திருந்தாள்.

அந்த நாட்களில்தான் கண்ணுசாமி வந்து சேர்ந்தார்.

தாடிக்கொம்பு தாண்டி உள்ளே போனால் அவர் ஊர். ஒன்றரை ஏக்கரில் சம்பங்கி, ஓரமாகக் கொஞ்சம் கனகாம்பரம். விடிகாலையில் பூப் பறிக்கப் போனவர் வாய்க்கால் வரப்பில் சாய்ந்துவிட்டார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, உயிருக்குப் பயமில்லை என்றானபிறகு, முதலில் பாண்டியராஜ் கைக்குப் போனார். கால் சீக்கிரம் வந்தது. பாண்டியராஜ் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டு நடையில் ஒரு நடை நடந்தார் பாருங்கள், ஊரிலிருந்து வந்திருந்த சனம் அப்படியே நெகிழ்ந்துபோனது. ஒரு கிழவர் பாண்டியராஜின் காலில் விழப்போனார். மறுநாள் ஒரு சம்பங்கி மாலை வந்தது, ஆள் உயரத்துக்கு. அதைப் போட்டுக்கொண்டு அவன் எடுத்த படம்தான் அவன் வாட்ஸப்பில் இன்றைக்கும் இருக்கிறது.

"அக்கா, காலை முடிச்சுட்டேன். கை மட்டும் லேசா பாக்கி. நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினான். மிச்சச் சில்லறையை உண்டியலில் போடுகிறவன் முகம் அவனுக்கு.

மாடிப்படிக்குக் கீழே கண்ணுசாமி குனிந்து வந்து உட்கார்ந்தார். கறுத்து ஒல்லியான ஆள், மீசை மட்டும் பெரிது. வலது கை மடியில் ஒரு பொட்டலம் போலக் கிடந்தது. பின்னாலேயே தூக்குவாளியோடு அவர் மனைவி பழனியம்மாள்.

"சாப்பாடெல்லாம் எப்படிச் சாப்பிடுறீங்க?" என்றாள் ஜெயமேரி.

"நாந்தான் ஊட்டுறேன் டீச்சர்" என்று பழனியம்மாள் முந்திக்கொண்டாள்.

"இடது கைதான் நல்லாருக்கே?"

கண்ணுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பீச்சாங்கையில சோறு திங்கச் சொல்றியளா? அதுக்கு நான் அந்த வாய்க்கால்லயே போயிருக்கலாம்."

"அதெல்லாம் அவுக மாட்டாக டீச்சர்" என்றாள் பழனியம்மாள். அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. இடது கையால் சாப்பிட ஒப்பாத புருசன் வாய்த்ததற்கா, அதனால் தன் கைக்கு வந்த வேலைக்கா என்பது ஜெயமேரிக்கு அப்போது புரியவில்லை.

அவள் வைத்தியம் எளிமையானது, பார்க்கிறவர்களுக்குக் கொடுமையானது. பழைய போர்வைத் துணியில் பைபோலத் தைத்த உறையை நல்ல இடது கைக்கு மாட்டிக் கட்டிவிடுவாள். நல்ல கை சும்மா இருந்தால்தான் கெட்ட கைக்கு வேலை வரும். தண்ணீர் வேண்டுமா, வலது கையால் எடு. மூக்கு அரிக்கிறதா, வலது கையால் சொறி.

பழனியம்மாள் அந்த உறையைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "ஏன் டீச்சர், இழுத்துக்கிட்ட கைதான் கெடக்குன்னா, நல்லா இருக்குற கையையும் கட்டிப் போட்டா மனுசன் என்னத்துக்கு ஆவாரு? மாட்டுக்குக்கூட ஒரு காலைத்தானே கட்டுவோம்!"

"கொஞ்ச நாளைக்குத்தான்மா."

"மூக்குல ஈ உக்காந்தா?"

"அவரே ஓட்டுவாரு."

"நான் எதுக்கு இருக்கேன்?"

அந்தக் கேள்வியை ஜெயமேரி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளி கை நீட்டுவதற்குள் டம்ளரை வாயில் கொண்டுபோய் வைக்கிற சொந்தக்காரர்கள்தான் அவள் தொழிலின் முதல் எதிரி. "செத்த நேரம் வெளியில உக்காருங்க" என்று அனுப்பிவிட்டாள். பழனியம்மாள் வெளியே போனாள், ஆனால் தண்ணீர் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து கதவிடுக்கில் பார்த்தபடியே இருந்தாள். சிலநாள் திரும்பிப் பார்க்கையில் அந்தக் கண் ஜெயமேரியைச் சுட்டது. அது நோயாளியின் மனைவி வைத்தியரைப் பார்க்கும் பார்வை இல்லை. வேறு ஒன்று.

காரணம் இல்லாமலும் இல்லை. கண்ணுசாமி வீட்டில் சிரிக்காத மனுசன். இங்கே ஜெயமேரி ஒரு கூடையில் சம்பங்கி மொட்டை வைத்து, "நசுங்காம ஒண்ணு ஒண்ணா எடுத்து அந்தப் பக்கம் போடுங்க பாப்போம்" என்றால், ரெண்டாம் வகுப்புப் பையன் மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு செய்தார். முதல் மொட்டு நசுங்கியது. "இதைக் கடையில போட்டா எடைக்குக்கூட எடுக்க மாட்டான் டீச்சரம்மா" என்று அவரே சிரித்தார். ஒரு நாள் ஆறிப்போன இட்லியில் ஒரு துண்டைப் பிய்த்து, கை நடுங்க நடுங்க வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். ஜெயமேரி கை தட்டினாள். வெளியே ஒரு காலி கேன் உருண்டது.

"எங்கிட்ட ஒரு நா இப்பிடிச் சிரிச்சிருப்பாரா!" என்று பழனியம்மாள் ஆயா செபாஸ்தியம்மாளிடம் சொன்னாளாம். "நான் கறியாக்கி வெச்சாலும் உம்முனு திம்பாரு. அவுக ஆறுன இட்லியக் குடுத்தா இளிக்கிறாரு."

செபாஸ்தியம்மாள் இதை ஜெயமேரியிடம் கொண்டுவந்து சேர்த்தாள். ஜெயமேரி சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் இனித்தது. தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆளாவது கிடைத்ததே.

இனிப்பு நீடிக்கவில்லை. கை வந்த வேகத்தில் நின்றுவிட்டது. இந்த நோயில் பிடிக்கிறது சீக்கிரம் வந்துவிடும், விடுவதுதான் வராது. விரல் மடங்கும், நிமிராது. கண்ணுசாமி மொட்டை எடுப்பார், கொண்டுபோவார், அப்புறம் அது கையிலேயே இருக்கும். இடது கை உறைக்குள் தவிக்கும். "விடுங்க... விடுங்கன்னு நெனைங்க" என்பாள் ஜெயமேரி. "நெனைக்கத்தான் செய்றேன், கைக்குல்ல கேக்கணும்" என்பார். அதைவிட மோசம், இட்லியைத் தட்டில் வைத்தால் இப்போதெல்லாம் அவர் தொடவே இல்லை. பசியில்லை என்றார். பசியில்லாதவனுக்கு எந்தக் கையால் சாப்பிட்டால் என்ன?

இதற்கிடையில் விழா ஏற்பாடுகள் பெருத்துக்கொண்டே போயின. பெரிய டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு, மேடையில் ஒரு நோயாளி ஏறி நடந்துகாட்ட வேண்டும் என்றார். பாண்டியராஜ் உடனே, "கண்ணுசாமி சார்! விவசாயி, வேட்டி, மீசை. கேமராவுக்கு நல்லாருக்கும்" என்றான்.

ஜெயமேரிக்குத் தாங்கவில்லை. "சார், அவரு மேடையில வலது கையால சாப்பிட்டுக் காமிப்பாரு" என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் அந்தக் கை இன்னும் எதையும் விடப் பழகவில்லை என்பது ஞாபகம் வந்தது.

"சாப்பிட்டா?" என்றார் பெரிய டாக்டர். "எல்லாரும்தான்மா சாப்பிடுறாங்க."

"சார், அவரால முடியாதுன்னு இருந்துச்சு..."

"சரி சரி. நடந்து முடிச்சப்புறம் ரெண்டு நிமிஷம். சர்க்கரைப் பொங்கல் வெச்சிருங்க, மங்களகரமா இருக்கும்."

அன்று மத்தியானம் செபாஸ்தியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினாள். "மேரி மேடம், நீங்க இட்லிய வெச்சுக்கிட்டு அந்தாளு திங்கலைன்னு உக்காந்திருக்கீங்க. அது வயித்துல எடம் எங்க இருக்கு? கேண்டீனுக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில போய்ப் பாருங்க. தெனமும் உங்ககிட்ட வரதுக்கு முன்னால அங்க ஒரு பந்தி நடக்குது."

மறுநாள் ஜெயமேரி போய்ப் பார்த்தாள். கண்ணுசாமி சிமெண்டு மேடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையுறை அவிழ்த்து ஓரமாகக் கிடந்தது. பழனியம்மாள் எதிரில் குத்தவைத்து, முருங்கைக்கீரைப் பொரியலைச் சோற்றில் பிசைந்து, உருட்டி, ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். ஓரத்தில் ஒழுகியதை அவள் பெருவிரலால் வழித்து அதையும் உள்ளே தள்ளினாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரு அமைதி.

ஜெயமேரிக்கு ஒரு வினாடி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஞாபகத்துக்கு வந்தது. அவள் கணவர் ராயப்பராஜ் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கையில் செல்போன், மறு கையில் சோறு. தட்டில் இருந்தது கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். அந்த ஞாபகம் அவள் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

"கண்ணுசாமி ஐயா, நீங்க போய் ரூம்ல உக்காருங்க" என்றாள். அவர் திருட்டு மாங்காய் அடித்தவர் போல எழுந்து, பாண்டியராஜ் சொல்லிக்கொடுத்த நடையில் போனார்.

"என்னம்மா இது? அவரு கை வரவேணாமா உங்களுக்கு?"

பழனியம்மாள் தூக்குவாளியை மூடினாள். "வரட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?"

"வயித்தை ரொப்பி அனுப்புனா எப்பிடி வரும்?"

"விடிய மூணரைக்கு எந்திரிச்சுப் பூப் பறிச்சு, மார்க்கெட்ல போட்டு, மறுக்கா ஊருக்குப் போயி ஆக்கி, டவுன் பஸ்ஸுல நசுங்கிக் கொண்டாரேன் டீச்சர். அதைப் பாத்துக்கிட்டு நீங்க குடுக்குற ஆறுன இட்லியத் திங்கணுமா?"

"அது சாப்பாட்டுக்கு இல்லம்மா, பயிற்சிக்கு."

பழனியம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"உங்களுக்குச் சொன்னா வெளங்குமோ என்னமோ. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அந்த மனுசன் திங்கிறப்ப நான் எதுக்க உக்காந்ததில்ல. கதவோரமா நிப்பேன். உப்புக் கம்மின்னா தட்டுப் பறக்கும். தொட்டுக்கிற வெஞ்சனம் ஆறிப்போச்சுன்னா பறக்கும். ஒண்ணும் கொறையில்லேன்னாலும், மார்க்கெட்ல வெல கொறஞ்சிருந்தா பறக்கும். எங்க வீட்டு வட்டிலு ஒண்ணுகூட நெளியாம இல்ல, வந்து பாருங்க. இந்தக் கைதான். இந்த வலது கைதான்."

கேண்டீன் ஜன்னலில் யாரோ பாத்திரத்தைப் போட்டார்கள். அவள் அந்தச் சத்தத்துக்கு லேசாகத் தோளைக் குறுக்கியதை ஜெயமேரி பார்த்தாள்.

"விழுந்தப்புறம் மொத நா ஊட்டுனேன். வாயத் தொறந்தாரு. முழுங்கிப்புட்டு, 'இன்னும் இருக்கா புள்ள'ன்னாரு டீச்சர். இம்புட்டு வருசத்துல அப்பிடி ஒரு வார்த்த நான் கேட்டதில்ல. பொய் சொன்னா என் கண்ணு போகட்டும், கை வரணும்னு பழனிக்கு நேந்துக்கிட்டவளும் நாந்தான். உங்க ரூம்ல அது அசையுறதப் பாத்து வயிறெரிஞ்சவளும் நாந்தான்."

நல்ல தெரபிஸ்ட் இந்த இடத்தில் நிறைய யோசித்திருப்பாள். ஜெயமேரியும் யோசித்தாள், ஆனால் அவள் கண்ணுக்கு முன்னால் மேடை வந்து நின்றது, சர்க்கரைப் பொங்கல் வந்து நின்றது, கைகளைக் கட்டிக்கொண்டு பாண்டியராஜ் வந்து நின்றான்.

"விழுந்து எழுந்த மனுசங்க மாறிடுவாங்கம்மா. கை வந்தாலும் இனி அப்படி நடக்க மாட்டாரு."

"நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

ஜெயமேரி வேறு பக்கமாக வந்தாள். "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆனா யாரு ஊட்டுவா? அவரா? கை வேணும்ல அதுக்கு?"

பழனியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அவர் ஊட்டுவதா என்று சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்தபிறகு, அந்தச் சிரிப்பிலேயே என்னமோ மாட்டிக்கொண்டது போல நின்றுவிட்டாள். "சரி. உங்க விழா முடியிற மட்டும் ஊட்டல" என்றாள்.

பசி வேலை செய்தது. ஜெயமேரியின் படிப்பும் பாசிமணியும் செய்யாததைக் காலி வயிறு செய்தது. கண்ணுசாமி முனகிக்கொண்டும் மனைவியைத் தேடிக்கொண்டும், வேறு வழியில்லாமல் வலது கையால் தின்றார். விடுவது மட்டும் வரவேயில்லை. வாய்க்குள் போன கை சோற்றை விடாமல், நாக்கால் வழித்து எடுக்க வேண்டியிருந்தது. மேடைக்கு அது போதும் என்று ஜெயமேரி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

விழா நாள். ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் பந்தல். சிறப்பு விருந்தினர் ஒரு நூல் மில் முதலாளி, முழு வெள்ளையில் வந்திருந்தார். மில்லில் இழுக்கிற நூலைவிட நீளமாகப் பேசினார். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, போர்த்தியவர்களுக்குப் போர்த்தப்பட்டவர்கள் திரும்பப் போர்த்தினார்கள். நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன்வரிசையில் வெயிலில் வைத்திருந்தார்கள், கூட்டம் நிறைவாகத் தெரிவதற்காக. பெரிய டாக்டர் இந்த மையத்தைத் தென்னகத்துக்கே அர்ப்பணித்தார்.

அப்புறம் பாண்டியராஜ் மைக்கில், "மரணப் படுக்கையில் இருந்த ஒரு விவசாயி..." என்று ஆரம்பிக்க, கண்ணுசாமி படியேறினார். பாட்டுப் போட்டார்கள். அவர் நடந்தார். பந்தல் அதிர்ந்தது. பாண்டியராஜ் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான், தானே நடந்துவிட்டவன் போல.

அடுத்து ஜெயமேரி. நாற்காலி போட்டு, தட்டில் பொங்கல் வைத்து, இடது கைக்கு உறை மாட்டினாள். கண்ணுசாமி பொங்கலை அள்ளினார். கை நடுங்கி ஏறியது. ஏறியது. வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. ஜெயமேரி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் காத்துக்கொண்டிருந்தது, இனிமேல்தான் ஏதோ நடக்கப்போகிறது என்று. பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பொங்கல் எல்லாருக்கும் உண்டா, அவருக்கு மட்டுமா?" என்று கேட்டது மேடைவரை கேட்டது. செபாஸ்தியம்மாள் மட்டும் கை தட்டினாள். ஒற்றைக் கைதட்டல் மாதிரி அவமானம் வேறில்லை.

மில் முதலாளிக்கு இது சப்பென்றிருந்தது. மைக்கை வாங்கினார். "ஐயாவோட துணைவியார் வந்திருக்காங்களா? வாங்கம்மா, வாங்க. நீங்க ஒரு வாய் ஊட்டிவிடுங்க. போட்டோக்காரர் இங்க வாங்க!"

பழனியம்மாள் மேடையேறினாள். புதுச்சேலை, தலையில் தன் தோட்டத்துக் கனகாம்பரம். பசியோடு அவரை விட்டிருந்த நாட்களின் ஏக்கமெல்லாம் விரலில் வந்து நிற்க, ஒரு கவளத்தை உருட்டினாள், பழக்கத்தில் ஊதினாள், அவர் வாயருகே கொண்டுபோனாள்.

கண்ணுசாமியின் ஊர்ச் சனம் சக்கர நாற்காலிகளுக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்தது. யாரோ, "கண்ணுசாமி, ஆ காட்டுப்பா!" என்றான்.

கண்ணுசாமியின் மீசை துடித்தது. "அந்தாண்ட போ கழுத!" என்றார். வலது கை தட்டின் விளிம்பைப் பிடித்தது, தூக்கியது, தோள் திரும்பியது, முழங்கை நிமிர்ந்தது, மணிக்கட்டு சுழன்றது, கடைசியில் அந்த விரல்கள், எத்தனை கெஞ்சியும் திறக்காத அந்த விரல்கள், பூ விரிகிற மாதிரி விரிந்தன. தட்டுப் பறந்தது. பொங்கல் மில் முதலாளியின் வெள்ளையில் போய் உட்கார்ந்தது, ஒரு முந்திரி சட்டைப் பையில்.

'ணங்' என்று தட்டு விழுந்து சுற்றி அடங்கும்வரை பந்தலில் மூச்சுச் சத்தம் இல்லை.

பெரிய டாக்டர் பெரிய டாக்டரானது சும்மாவா? மைக்கைப் பிடுங்கினார். "பார்த்தீர்களா! செயலற்றுக் கிடந்த கை! என்ன வேகம்! என்ன வீரியம்!"

அப்புறம் எழுந்தது பாருங்கள் கைதட்டல், நடைக்கு விழுந்ததெல்லாம் அதன்முன் ஒன்றுமில்லை. பாண்டியராஜ் ஓடிவந்து, "தோள்பட்டை மூவ்மெண்ட் நான் குடுத்தது" என்று போட்டோக்காரரிடம் சொன்னான். மில் முதலாளியே தன் சட்டையைத் துடைக்கவிடாமல் அந்தக் கறையோடு படம் எடுத்துக்கொண்டார்.

ஜெயமேரியும் கை தட்டிக்கொண்டிருந்தாள். 'விட்டுட்டாரு, விட்டுட்டாரு' என்று அவள் வாய் முணுமுணுத்தது. தட்டிக்கொண்டே கீழே பார்த்தாள். பழனியம்மாள் மண்டிபோட்டு, சிதறிய பொங்கலைப் பழகிய கையால் வழித்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். நெளிந்த தட்டை எடுத்துத் தொடையில் வைத்து அமுக்கிப் பார்த்தாள்.

"வந்திருச்சு டீச்சர்" என்றாள் தலை நிமிராமல். "இதே கைதான்."

ஜெயமேரியின் கைகள் அப்படியே நின்றன.

விழா முடிந்த இரண்டாம் நாள் அவர்கள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அன்று காலை ஜெயமேரி, வருசக்கணக்காக ஆணியில் தொங்கிய தன் வெள்ளைக் கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டாள். வார்டு டாக்டரிடம் ஸ்டெதஸ்கோப்பை இரவல் வாங்கிக் கழுத்தில் மாட்டினாள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தாள். படிக்குக் கீழே வந்த கண்ணுசாமி, அவளைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். டீச்சர் இல்லை, இது யாரோ டாக்டர்.

ஜெயமேரி அவர் வலது கையைப் பிடித்து, மேலே கீழே திருப்பி, ஸ்டெதஸ்கோப்பை முழங்கையில் வைத்து நெடுநேரம் கேட்டாள். முழங்கையில் கேட்க ஒன்றுமில்லை என்பது அவளுக்கும் தெரியும். முகம் இருண்டது.

"என்னம்மா?" என்றார் கண்ணுசாமி.

"தட்டை எறிஞ்சீங்கள்ல?"

"அது... சனத்துக்கு முன்னாடி ஆ காட்டச் சொன்னா..."

"ஒரு தடவைக்கே நரம்பு இம்புட்டுச் சுண்டியிருக்கு. இன்னொரு தடவை எறிஞ்சா இழுத்துக்கும். அப்புறம் பாண்டியராஜ் டாக்டர் இல்ல, அவுங்கப்பா வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

கண்ணுசாமி வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார், யாரோ பிடுங்கிக்கொண்டு போகப்போவது போல.

"பயிற்சி சொல்றேன், கேட்டுக்கங்க. வீட்டுல சோறு போடுறது இனிமே நீங்க. கரண்டி பிடிக்கிறதுதான் மணிக்கட்டுக்கு வைத்தியம். மொதத் தட்டு உங்க சம்சாரத்துக்கு."

"அவளுக்கா? நான் திங்கிறதுக்கு முன்னாடியா?"

"கை சூடாகுறதுக்கு மொதத் தட்டு. அதுல நீங்க சாப்பிட்டா பலிக்காது. அவங்க எதிர்ல உக்காந்து சாப்பிடணும், அப்பத்தான் உங்க கை ஓய்வெடுத்துக்கும். அப்புறம் ரெண்டு தட்டையும் நீங்கதான் கழுவணும். தண்ணியில விரல் விரியும்."

"தட்டுக் கழுவுறதா... ஊருல பாத்தா..."

"சரி, விடுங்க. கை போனா போகுது."

"இல்ல இல்ல" என்றார் கண்ணுசாமி அவசரமாக.

வாசலில் தண்ணீர் கேன்களுக்கு நடுவே பழனியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மாதம் ஓடியது. விழாப் படம் பேப்பரில் வந்தது. பறக்கிற தட்டும் பாண்டியராஜும் தெளிவாக விழுந்திருந்தார்கள், ஜெயமேரியின் முழங்கை மட்டும் ஓரத்தில் இருந்தது. ஆனால் பெரிய டாக்டர் அந்த வீரியத்தை மறக்கவில்லை. கண்ணாடி ஹாலில் ஒரு மூலையைத் தடுத்து ஜெயமேரிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். இப்போது பாண்டியராஜ் அந்தத் தடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான், இந்தப் பக்கம்தான் கண்ணாடியில் வெளிச்சம் நல்லா விழும் என்று.

அந்த மூலைக்குத்தான் கண்ணுசாமியும் பழனியம்மாளும் மறுபடி வந்தார்கள். விரல்கள் விரிந்து மடங்கின. மொட்டை எடுத்தார், கொண்டுபோனார், விட்டார். ஒன்று நசுங்கவில்லை. உள்ளங்கையில் பாத்திரம் தேய்க்கிற சாம்பலின் கறுப்பு லேசாகப் படிந்திருந்தது.

அவரை நடக்கிற மிஷின் பக்கம் அனுப்பிவிட்டு ஜெயமேரி சாய்ந்து உட்கார்ந்தாள். நன்றி வரப்போகிறது என்று எதிர்பார்க்கிறவர்கள் உட்காருகிற மாதிரி. "என்னம்மா, தட்டுப் பறக்குதா?"

"இல்ல டீச்சர்."

"கழுவுறாரா?"

"கழுவுறாரு. கதவச் சாத்திக்கிட்டுக் கழுவுறாரு. எனக்குத்தான் மொதல்ல போடுறாரு."

"அப்புறம் என்ன?"

பழனியம்மாள் முந்தானை நுனியை முறுக்கினாள். "அம்புட்டும் செய்றாரு. ஆனா கரண்டியத் தொடுறப்பயே 'டீச்சரம்மா சொல்லியிருக்காக'ம்பாரு. தட்டக் கழுவுறப்ப 'டீச்சரம்மா சொல்லியிருக்காக'ம்பாரு. எனக்காண்டின்னு ஒரு பருக்கை போடல டீச்சர். என் வீட்டுக்குள்ள மூணு வேளையும் உங்க பேருதான். நான் எதுக்க உக்காந்து திங்கிறேன், அவரு உங்களத்தான் நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

ஜெயமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

பழனியம்மாள் கிட்டே வந்து குனிந்தாள். "ஒண்ணு கேக்கட்டா? நீங்க சொன்னாத்தான் கேக்குறாரு. வாரத்துல ஒரே ஒரு நா... நான் ஊட்டிக்கிறேன்னு சொல்லிருங்களேன். வைத்தியம்னு சொல்லிருங்க."

"எந்த நாளு?" என்றாள் ஜெயமேரி.

"ஞாயித்துக்கெழம. கறி எடுப்போம்."

ஜெயமேரி கோட்டைப் போட்டாள், பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். கண்ணுசாமியைக் கூப்பிட்டு, கையைத் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். "வேலை அதிகமாயிருச்சு இந்தக் கைக்கு. ஞாயித்துக்கிழமை கைக்கு லீவு. அன்னைக்கு எதையும் தொடக் கூடாது. சம்சாரம் ஊட்டுவாங்க. வாயைத் தொறந்து, முழுங்கி, இன்னும் வேணும்னா கேட்டு வாங்கணும். கேக்குறது முக்கியம். அது... தொண்டைக்கு."

கண்ணுசாமி தரையைப் பார்த்தார். மீசை அசைந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஒரு வேளைதானா டீச்சரம்மா? ரெண்டு வேளை வெச்சுக்கிட்டா ஒண்ணும் கெடுதல் இல்லியே?"

பழனியம்மாளின் முகம் கனகாம்பர நிறத்துக்குப் போனது. ஒரு வினாடிதான். அடுத்த வினாடி அவள் கண் திரும்பி ஜெயமேரியைச் சுட்டது, கதவிடுக்கில் பார்த்த அதே கண். எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல, உங்ககிட்டப் போயிக் கேக்குறாரு பாருங்க என்றது அது.

ஜெயமேரி அந்தக் கண்ணைப் பார்த்தபடியே, "மூணு வேளையும்" என்றாள்.

அவர்கள் கிளம்பியதும் டிபன் பாக்ஸைத் திறந்தாள். கத்தரிக்காய். எதிரே கண்ணாடிச் சுவரில், வெள்ளைக் கோட்டோடு ஒருத்தி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடிக்குள் தெரிந்த வாசல் வழியாக, கண்ணுசாமி முன்னால் நடக்க, தூக்குவாளியோடு பழனியம்மாள் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். படி வந்ததும் அவர் நின்று, வலது கையைப் பின்பக்கமாக நீட்டி, தூக்குவாளியை வாங்கிக்கொண்டார். அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ஜெயமேரிக்கு வயிறு எரிந்தது.